கற்பிட்டியிலிருந்து புறக்கோட்டைக்கு

கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் நடுவே வாவி கிடக்கிறது. தரைவழியாகப் புத்தளம் போகிறவர் அந்த ஊரையும் தாண்டித் தெற்கே பாலாவி வரை இறங்கி, பிறகு வடக்கே திரும்ப வேண்டும். கொழும்புக்குப் போகிறவருக்கு இந்தச் சிரமம் இல்லை. பாலாவியில் ஏ-3 வீதியைப் பிடித்துத் தெற்கே போய்க்கொண்டே இருக்கலாம். மொத்தம் 160 கிலோமீட்டருக்கு மேல்.

ரயிலும் உண்டு. ராகமவில் பிரியும் இப்பாதை 1909இல் நீர்கொழும்பையும் 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் எட்டியது. அந்த நிதானத்தை ரயில் இன்றும் கைவிடவில்லை. வடக்கே ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட ஏதாவதொரு நிலையத்தில் காத்து நிற்கும். கற்பிட்டிக் குடாநாட்டுக்குள் அது நுழைந்ததே இல்லை. பாலாவி வரை பஸ்ஸில் வந்தவர், அதே பஸ் கொழும்புக்கே போகும்போது ரயிலுக்காக ஏன் இறங்கப்போகிறார்?

ஆகவே பஸ்தான். 1958இல் பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. 1979இல் தனியாருக்கு மீண்டும் வழி திறந்தது. அன்றிலிருந்து இந்த வீதியில் இரண்டு வகைக் காலம் ஓடுகிறது. சபையின் சிவப்பு பஸ் அட்டவணைப்படி ஓட முயல்கிறது. தனியார் பஸ்ஸுக்கு அட்டவணை என்பது பின்னால் வரும் பஸ்தான். வருமானம் அன்றன்றைய வசூலில் இருப்பதால், பின்னால் ஒன்றும் வராதவரை நுரைச்சோலையில் ஒரு தரிப்பு, பாலாவியில் ஒரு தரிப்பு, முந்தலில் யாரோ வீட்டிலிருந்து புறப்பட்டு வருகிறார் என்பதற்காக இன்னொன்று. கண்ணாடியில் போட்டி பஸ்ஸின் முகம் தெரிந்ததும் சாரதிக்குக் கொழும்பில் அவசர வேலை வந்துவிடும். அதுவரை உறங்கியவர்கள் அப்போது விழித்து, அவரவர் தெய்வத்தைக் கூப்பிடுவார்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை நான்கும் உள்ள கரை என்பதால் பஸ்ஸுக்குப் பாதுகாப்புக் குறைவில்லை.

இடம் கிடைப்பது வேறு சங்கதி. முன் ஆசனங்கள் மதகுருமாருக்கு. மிச்சத்தில் நிற்பவர்களைக் கொண்டக்டர் “இஸ்ஸரஹட யன்ன” என்று முன்னே தள்ளுவார். அங்கே இடமில்லை என்பது அவருக்கும் தெரியும். தலவில புனித அன்னம்மாள் திருவிழா முடிந்து பாயும் பானையுமாகத் திரும்புகிறவர்கள் ஏறினால் பேச்சே இல்லை. அன்றாடச் சோதனை கருவாட்டுப் பொதி. அது யாருடையது என்று பஸ் முழுக்கத் தெரியும். உரியவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மிச்சக்காசு கேட்டால் “எறங்கக்குள்ள தாரேன்” என்பதே பதில். பயணி அதை நினைவில் வைத்து விழித்திருக்க வேண்டும். சிலாபத்து வடை, தேநீருக்குப் பிறகு அது கடினம். நீர்கொழும்பு தாண்டினால் இன்னும் கடினம். பேலியகொடையில் பஸ் ஊரத் தொடங்கியதும் நினைவு தானே வந்துவிடும். அங்கே வேறு வேலையும் இல்லை.

கொழும்பு புறக்கோட்டையில் இறங்கியதும் திரும்புவதற்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைப்பது நல்லது. டைம் கீப்பர் ஒரு நேரம் சொல்வார், கொண்டக்டர் வேறொன்று சொல்வார். கொண்டக்டர் சொல்வதையே எடுத்துக்கொள்ளலாம். டைம் கீப்பர் நேரத்தை எழுதுகிறவர் மட்டும்தான்.