இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்!

புதுக்கோட்டையில் பேக்கரிக்கா பஞ்சம்? கீழ ராஜ வீதிக்குப் போனால் கேக் வாங்காமல் திரும்புவதுதான் கஷ்டம். இருந்தும் தெருவுக்கு ஒரு கேக் அக்கா முளைத்துவிட்டார். கடைக் கேக் என்று பேச்செடுத்தாலே, "வனஸ்பதி தம்பி அதெல்லாம்!" என்று முகம் சுளிப்பார். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பிறந்தநாள் வருகிறதென்று காற்றுவாக்கில் காதில் விழுந்தால் போதும். "தீம் என்ன?" என்று கேட்பார். பதில் வருவதற்குள், "ஸ்போர்ட்ஸ் வச்சுக்குவோம்" என்று தீர்மானமும் போட்டுவிடுவார். முப்பது கப்கேக், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விளையாட்டு. எல்லாம் அக்கா கையாலேயே.

அக்கா கையால் என்றால் அக்கம்பக்கத்தார் கையும் சேர்த்திதான். ஐசிங் சர்க்கரையோடு ஜெலட்டின், குளுக்கோஸ் பாகு, கொஞ்சம் கிளிசரின் போட்டுப் பிசைவதற்கு ஃபாண்டன்ட் என்று பெயர். பிசைய வேண்டியது நாம், உருட்ட வேண்டியது நாம், "அழுத்தாதீங்க தம்பி, விரிசல் விடும்" என்று திட்டு வாங்க வேண்டியதும் நாம். அக்காவின் டிஜிட்டல் தராசு, முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எப்போது எடுத்து வைக்க வேண்டும் என்கிற உபதேசம், பட்டர் பேப்பர் தீர்ந்துபோன துக்கம் ஆகியவற்றைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். முதல் கப்கேக் முடிந்ததும் அதை உள்ளங்கையில் ஏந்தி நம் மூக்குக்கு நேரே நீட்டிக் கேட்பார்:

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்?"

முதலில் கிரிக்கெட். தேங்காய்த் துருவலைப் பச்சையாக்கிப் புல்தரை, மேரி பிஸ்கட்டைப் பொடித்து நடுவில் பிட்ச், பல்குச்சியை ஒடித்து மூன்று ஸ்டம்ப். நிஜ பிட்ச் 22 கெஜம். அக்காவுக்குக் கிடைத்த இடம் கட்டைவிரல் நீளம். பால்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "வயக்காட்டுல வரப்புங்களா?" என்றார். கீழ் வீட்டுப் பெரியம்மா, "புல்லு மேல பாய் விரிச்சிருக்கு" என்றார். எதிர்வீட்டுத் தாத்தா வாயைத் திறந்து பதில் சொல்லவில்லை. நடு ஸ்டம்பை உருவிப் பல் குத்திக்கொண்டே, "நல்ல ஏற்பாடும்மா" என்றார். அக்கா அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

அடுத்தது கால்பந்து. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் இறங்கிய கறுப்பு வெள்ளைப் பந்துதான் அக்காவுக்கு இலக்கணம். கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20. கப்கேக் மேல் உட்காருவது பாதிப் பந்துதான் என்பதால் கறுப்பு 6 போதும்: உச்சியில் ஒன்று, சுற்றி ஐந்து. இந்தக் கணக்கை எல்லோருக்கும் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். ஆனால் அவர் ஒட்டும்போது பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கறுப்பு ஃபாண்டன்டைத் தகடாகத் தேய்த்து, கத்தி முனையால் ஐந்து பக்கமும் நறுக்கி, நனைத்த தூரிகையால் அடியில் ஈரம் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைப்பார். ஈரம் கூடினால் வழுக்கும், குறைந்தால் உதிரும். ஆறாவது துண்டும் ஒட்டியபின்தான் மூச்சு விடுவார். விட்ட மூச்சோடு கேள்வியும் வந்துவிடும். "ஆமை!" என்றது மாடிவீட்டுக் குழந்தை. அடி விழுந்தது அதற்கல்ல, சிரித்த எனக்கு.

கபடியும் உண்டு. பக்கத்துக்கு ஏழு பேர், ஆளுக்கு ஒரு கடுகளவு. "அக்கா, எறும்பு மொய்க்குது" என்று ஒரு பையன் நல்லெண்ணத்தோடு ஊதித் தள்ளியதில் இரண்டு அணியும் களத்தை விட்டு வெளியேறின. சாயங்காலம் நிஜ எறும்பே வந்தது, ஏழு பேர் என்கிற விதியை அறவே மதிக்காமல்.

இவ்வளவும் முன்னோட்டம். மெயின் அயிட்டம் காளை. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு என்று தச்சங்குறிச்சியைப் பேப்பரில் படிக்கிற மாவட்டம் இது. 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது சுருண்டு, 2017-இல் சட்டம் திருத்தி வாடிவாசல் திறந்தபோது நிமிர்ந்த ஊர்கள் இங்கே நிறைய. இங்கே காளையைத் தப்பாகச் செய்துவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. அக்காவின் காளைக்குத் திமில் உண்டு, கழுத்தில் மணி உண்டு, கூரான கொம்பும் உண்டு. காலை பத்து மணி வரைக்கும் எல்லாம் உண்டு. சித்திரை வெயில் ஏற ஏற வெண்ணெய் நெகிழும், திமில் ஒரு பக்கம் சாயும், கொம்பு மெல்ல இறங்கிக் காதாகிவிடும். பயந்துபோய் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஃபாண்டன்டுக்குக் குப்பென்று வியர்த்துக் கண்மை வழியும். அந்த நிலைமையிலும் அக்கா அதை ஏந்திக்கொண்டு வந்து அதே கேள்வியைக் கேட்பார். "ஆட்டுக்குட்டி." "எருமை." "அழுவுது அக்கா, நாய்க்குட்டியா?" வருஷா வருஷம் வாடிக்குக் காளை கொண்டுபோகிறவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கிடேரிதானேம்மா?" என்றார், மிகுந்த மரியாதையோடு.

அக்கா அசருகிற ஆளா? உடனே சட்டம் போட்டார்: கப்கேக்கைத் திமிலைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், வாலையோ கொம்பையோ பிடித்தால் செல்லாது. களத்து விதி அதுதான், மறுக்க முடியாது. அதோடு, சரியான பதில் வருகிற வரைக்கும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. பதில் வந்தபின் போட்டோ. போட்டோவுக்கு வெளிச்சம் சரியில்லை என்று எல்லாரும் மொட்டை மாடிக்கு. பிள்ளைகள் எச்சில் விழுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். நடுவில், ரோடமின்-பி சாயம் இருப்பது தெரிந்து 2024-இல் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டதிலிருந்து அக்கா கடைக் கலரையும் கைவிட்டுவிட்டார். கிரிக்கெட் பந்துக்குப் பீட்ரூட், புல்லுக்குப் பாலக்கீரை. மைதானம் முழுக்க இப்போது கீரை மசியல் வாசம்.

சிரித்தது போதும். ஒன்றைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டுக் கப்கேக் எல்லாம் பையன்களுக்கு மட்டும்தான். பெண் பிள்ளை பிறந்தநாள் என்றால் அக்கா "தீம் என்ன?" என்றுகூடக் கேட்பதில்லை. ரோஸ் கலர், கிரீடம், பட்டாம்பூச்சி, முடிந்தது. ஸ்கூல் ரிலே டீமில் ஓடுகிற எங்கள் தெருப் பெண்ணுக்கும் இந்த வருஷம் கிரீடம்தான் வந்தது. அவள் கிரீடத்தைக் கழற்றித் தட்டோரம் வைத்துவிட்டுக் கேக்கை மட்டும் தின்றாள். கத்தக்குறிச்சியிலிருந்து கிளம்பி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினாரே சாந்தி சௌந்தரராஜன், பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தையும் பறித்தார்களே, அவர் இந்த மாவட்டத்துக்காரர். 2016 குவாஹாட்டி தெற்காசியப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய எல்.சூர்யாவும் புதுக்கோட்டைதான். ஓடுகளம் செய்வது காளையைவிடச் சுலபம். நாலு வெள்ளைக் கோடு இழுத்தால் வேலை முடிந்தது. வெயிலில் உருகினாலும் அது ஓடுகளமாகவேதான் இருக்கும். அக்காவுக்குத் தோன்றவில்லை என்பதைவிட, எங்களில் ஒருவர்கூட எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

இத்தனை வசை பாடினாலும் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். முட்டை சாப்பிடாத பிள்ளை ஒன்றே ஒன்று வருகிறதென்றாலும் அக்கா அதற்கென்று தனி ஈடு போடுவார். அந்தக் கப்கேக் தலையிலும் குறை வைக்காமல் பந்து இருக்கும். "அது மட்டும் மொட்டையா நின்னா பிள்ளைக்கு மனசு கஷ்டப்படும்ல தம்பி?" என்பார். ராத்திரி ஒரு மணிக்கு அடுப்படியில் விளக்கு எரிந்தால், கொம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். மறுநாள் காசு நீட்டினால், "நமக்குள்ள என்ன?" என்று கையைத் தட்டிவிடுவார். நாமும் நிம்மதியாகப் பர்ஸை உள்ளே வைத்துவிடுகிறோம்.

ஆகவே கேக் அக்கா வாய்த்த தெருக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்வது: வெண்ணெய், சர்க்கரைக் காசையும் கூலியையும் மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், கையில் கொடுத்தால் வாங்கமாட்டார். கேக் மேல் என்ன வேண்டும் என்று பிறந்தநாள் பிள்ளையை முதலில் கேளுங்கள், பெண்ணாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் யாரும் காளை கேட்காதீர்கள்.