அட்டைப்பெட்டி போன வழி

லேபிள் பில்லுக்குப் பணம் கேட்டுப் போனால் செக் வருகிறதோ இல்லையோ, ப்ரென்னர் கணவாய் வந்துவிடுகிறது. இப்படி எனக்குத் திருப்பூரில் நாலைந்து பார்ட்டிகள் சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டிய பனியன் கம்பெனி முதலாளிகள். ஐரோப்பாவில் ஒற்றை ஆளாகக் கார் ஓட்டிவிட்டு வந்தவர்கள். அத்தனை பேரையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டினால் கிடைக்கிறவர்தான் இந்த அண்ணன். பெயர் வேண்டாம். பாக்கி நிற்கிறது.

அண்ணன் ஊரில் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. பி.என். ரோட்டில் இன்னோவாவின் பின்சீட்டில் போனும் காதுமாகப் போவார். முன்சீட்டில் பையருக்குப் போகவேண்டிய சாம்பிள் மூட்டை சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். ஐரோப்பாவும் அவருக்குப் புதிதில்லை. கண்காட்சி என்றும் பையர் மீட்டிங் என்றும் பலமுறை போயிருக்கிறார். ஆனால் அதெல்லாம் பழனிக்கு வேன் பிடித்துப் போகிற கணக்கு: பன்னிரண்டு பேர், ராத்திரி பஞ்சாபி ஓட்டல், காலையில் ஸ்டால். பார்த்த ஊர்கள் எல்லாம் ஏர்போர்ட்டும் லிஃப்டுமாகத்தான் அவர் மனதில் நிற்கின்றன.

“முப்பது வருசமாப் பொட்டி போடறனுங். பொட்டிமேல ஹாம்பர்க், ராட்டர்டாம்னு அடிச்சு அடிச்சு அந்த ஊருப் பேரெல்லாம் என்ற பங்காளி பேரு மாதிரி ஆயிப்போச்சு. பொட்டி பார்த்த ஊர நான் பார்க்க வேண்டாமுங்களா?”

நியாயமான கேள்வி. தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் மாறி, சூயஸ் வழியாகவோ, செங்கடலில் ரகளை என்றால் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டோ அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அனுப்பியவர் அவிநாசியைத் தாண்டுவதற்குள் மேனேஜர் மூன்று தடவை கூப்பிட்டுவிடுகிறார்.

வாய்ப்பு 2023 ஜூனில் வந்தது. நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஐ.டி.எம்.ஏ. என்கிற ஜவுளி இயந்திரக் கண்காட்சி அந்த முறை மிலானில். ஊரே கிளம்பியது. அண்ணனும் கிளம்பினார், ஆனால் திரும்புகிற டிக்கெட்டை மட்டும் ஹாம்பர்க்கிலிருந்து போட்டார். ஆர்.டி.ஓ. ஆபீசில் 1,000 ரூபாய் கட்டி, ஒரு வருடம் செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் வாங்கினார். பிறகு கொஞ்ச நாள் அதைச் சட்டைப் பையில் தலை தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்குப் போனார்.

வீட்டில்தான் கஷ்டம். “ஏனுங், தனியாவா? சோறு யாரு ஆக்கிப் போடுவாங்?” என்று வீட்டம்மா கேட்டார். கேட்ட கையோடு ஒரு சின்ன ரைஸ் குக்கர், அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அளந்து கட்டிய பத்துப் பொட்டலம், ஊத்துக்குளி நெய் என்று பெட்டியை நிரப்பியும் விட்டார். அம்மாவுக்கு வேறு கவலை. “ஏஞ்சாமி, அங்க வண்டியெல்லாம் சோத்தாங்கைப் பக்கமாப் போவுதாமே. நீயாச்சும் நம்ம பக்கமாப் போ.”

கண்காட்சி முடிந்த மறுநாள் காலை, மிலானில் வாடகைக் கார் கவுண்டர். அண்ணன் நீட்டிய கார்டில் வீட்டம்மா பெயர். திருப்பூரில் இது சகஜம். கம்பெனிக்குப் புரொப்ரைட்டர் அம்மணி, ஓடுவது ஐயா. ஓட்டுகிறவர் பெயரில்தான் கார்டு இருக்க வேண்டும் என்று கவுண்டர் பெண் சொல்லிவிட்டாள். முப்பது வருடத்தில் தன் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று அண்ணன் பர்ஸின் அடிவரை தேடியது அங்கேதான். மூலையில் பழைய கார்டு ஒன்று கிடந்தது. லிமிட் போதாது. ஊரில் பேங்க் ஆளைப் பிடித்து, லிமிட்டை ஏற்றி, டெபாசிட்டைப் பிடிக்கச் செய்து முடிக்க ஒன்றரை மணி நேரம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அண்ணனின் வாழ்நாள் சாதனை. சாவியைக் கொடுத்த பையன், வண்டியில் கீறல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னான். நம்ம ஊர் முதலாளியிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? எத்தனை வெள்ளைக்காரக் க்யூ.சி. அவர் கம்பெனி டேபிளில் உட்கார்ந்து, இளநீர் குடித்துக்கொண்டே, ஒரு நூல் தொங்கியதற்கு லாட்டையே ஃபெயில் ஆக்கியிருப்பான்! அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வழக்கமாக ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் சாம்பிள் எடுத்துத்தான் பார்ப்பார்கள். இங்கே லாட் சைஸ் ஒன்று. ஆகவே நூறு சதவீதச் செக்கிங். பம்பரில் கீறல், மேஜர். கதவு விளிம்பில் பெயிண்ட், மைனர். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் ஷேட் வேரியேஷன் இருக்கிறதா என்று நிழலில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை. குனிந்து டேப் வைத்துக் கீறலின் நீளத்தை அளந்தபோது பையன் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். கடைசியில் பதினேழு குறை எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்.

“ஃபெயில் பண்ணியிருக்கோணும். சரி, போய்ட்டுப் போவுதுன்னு விட்டுட்டனுங்.”

ஓட்டிய கதை அவ்வளவு பெரிதில்லை. திரும்ப வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் வைப்பர் ஓடியது. ஹாம்பர்க் போய்ச் சேரும்வரை ஹாரன் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே ஓட்டியிருக்கிறார். பி.என். ரோட்டில் ஓட்டக் கற்றவருக்கு இது மௌன விரதம். ஜெர்மனியின் ஆட்டோபானில் பல இடங்களில் வேகக் கட்டுப்பாடே கிடையாது, 130 என்பது வெறும் ஆலோசனைதான் என்பதை ஊரில் சொல்லும்போது குரலில் ஒரு கம்பீரம் வரும். அண்ணன் ஓட்டியது 90. “ஆலோசனைய நான் எப்பவுமே மதிப்பனுங்.”

முதல் நிறுத்தம் வெரோனா. எங்கள் ஊர் ஏற்றுமதிக்கு ஒரு தலபுராணம் உண்டு. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்றொரு வியாபாரி, பம்பாய் ஏற்றுமதிக்காரர்கள் வழியாக இங்கே வந்து வெள்ளை டீஷர்ட் வாங்கிப் போனார். அங்கே பிடித்தது சுழி என்று சொல்வார்கள். உலகம் முழுக்க ஜோடி ஜோடியாக வெரோனாவுக்குப் போவது ஜூலியட் வீட்டு மாடத்தைப் பார்க்க. அண்ணனும் அந்தக் கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக் கைகூப்பியிருக்கிறார். “வெரோனாங்கறது ஆளுங்களா, ஊருங்களான்னு எனக்கு ஒரே சந்தேகமுங். எதுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.” அப்படிக் கும்பிடப் போன தெரு, வெளியூர் வண்டி நுழையக் கூடாத வட்டாரம். அந்தக் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது ஆல்ப்ஸ். ப்ரென்னர் கணவாயின் உயரம் சுமார் 1,370 மீட்டர் என்று பலகை பார்த்துத் தெரிந்ததும் அண்ணனுக்குப் பாதி மரியாதை போய்விட்டது. “நம்ம குன்னூர் ஒசரங்கூட வராதுங்.” பனிமலையைப் பற்றி என்ன சொல்கிறார் என்று நான் ஆவலாகக் கேட்டேன். “வைட்டு நல்லா வந்திருக்குதுங். கொஞ்சம் புளூ டோன் தூக்கலு.” புல்வெளிகளைப் போட்டோ எடுத்து டையிங் பட்டறைக்கு அனுப்பி, இந்தப் பச்சைக்கு லேப் டிப் கொடுக்க முடியுமா என்று கேட்டார். நாலாவது சாம்பிள் இன்னும் ஓகே ஆகவில்லை.

மலையடிவாரத்தில் ஓர் ஓடை. அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது துணி கிடைக்காமல் ஆர்டரைப் பறிகொடுத்தவர் அண்ணன். நொய்யல் எந்த நிறத்தில் ஓடுகிறது என்பதை வைத்து அடுத்த சீசன் கலரைச் சொல்லிவிடலாம் என்று நாங்கள் சிரித்த காலத்தையும் பார்த்தவர். அந்தத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு ஒன்றுதான் சொன்னாராம்: “கெடுக்கற வேலையெல்லாம் நம்மகிட்டத் தள்ளி உட்டுட்டாங்கல்லங். அப்பறம் ஏன் தெளிவா ஓடாது?” இதைச் சொன்ன கையோடு, அந்தச் சீசனுக்கு வந்த ஆர்டரில் எத்தனை கறுப்பு என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

தனியாகப் போனேன், தனியாகப் போனேன் என்கிறாரே, அது எவ்வளவு தூரம் உண்மை? அவருக்கு அங்கே காலை ஆறு என்றால் இங்கே ஒன்பதரை. ஒன்றரை ஷிஃப்ட் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம். கட்டிங் மாஸ்டர், மெர்ச்சண்டைசர், காம்பேக்டிங்காரர், வரிசையாக எல்லாரும் டாஷ்போர்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். வழி சொல்லும் கூகுள் அம்மணி நடுவில் பேச முயன்று தோற்பாள். ரிப் துணி வரவில்லை என்ற சண்டையில் மட்டும் மூன்று திருப்பம் தவறியிருக்கிறது.

உச்சம், சனிக்கிழமை. சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள். இன்ஸ்ப்ருக் தாண்டி மலை வளைவில் வண்டி போகும்போது மேனேஜர் லைனில் வந்தார். “அண்ணா, ஓ.டி.பி. வந்துதுங்களா?” வரவில்லை. ரோமிங். அங்கே பகல் ஒன்றரை, இங்கே சாயங்காலம் ஐந்து. காதர்பேட்டைச் சாமான் கடை, சீட்டுக்காரர், பிள்ளைகளுக்கு வாங்க வேண்டிய பரோட்டா எல்லாம் அந்த ஆறு இலக்கத்துக்காகக் காத்திருக்கின்றன. அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, தீபாராதனைத் தட்டு காட்டுவதுபோலப் போனைத் தலைக்கு மேலே தூக்கி நாலு திசைக்கும் காட்டினார். பைக்கில் வந்த இரண்டு பேர், இந்தியர் ஒருவர் மலையை வழிபடுகிறார் என்று நினைத்து நின்று படம் எடுத்தார்கள். பதினைந்து நிமிடம் கழித்து மூன்று ஓ.டி.பி. ஒட்டுக்கா வந்தது. இரண்டு காலாவதி.

மறுநாள் ஞாயிறு, ஜெர்மனி. போனஸ் போட்டு எல்லாரும் ஊருக்குப் போய்விட்ட தீபாவளித் திருப்பூர் மாதிரி நாடே காலி. கடை இல்லை, ஆள் இல்லை. ஞாயிறன்று அங்கே பெரிய லாரிகள் ராத்திரி பத்து மணிவரை ஓடக் கூடாது. நெடுஞ்சாலை நிறுத்தங்களில் அணிவகுத்து நின்றன. “ஸ்டிரைக்குன்னு நெனச்சு ஒரு டிரைவர்கிட்ட என்ன கோரிக்கைன்னு கேட்டுப்புட்டனுங்.” நெடுஞ்சாலைக் கழிப்பறைக்கு ஒரு யூரோ; அதற்கு ஈடாகக் கடையில் கழித்துக்கொள்ள ஒரு சீட்டு. தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட். இந்த நாட்டின் பொருளாதாரம் அண்ணனுக்கு உடனே பிடிபட்டது. “டிராபேக் கொடுக்கறாங். உடுவனா?” டிக்கி நிறையப் பாட்டில் சேர்ந்தது.

திங்கட்கிழமை மெட்ஸிங்கன். ஹியூகோ பாஸ் கம்பெனியின் சொந்த ஊர். தெருவெல்லாம் தள்ளுபடிக் கடைகள். பனியன்காரர் வெளிநாட்டுத் துணிக்கடைக்குள் நுழைவதைப் பார்க்கவேண்டும். முதலில் டீஷர்ட்டின் அடிமடிப்பைப் புரட்டுவார். அப்புறம் விரலிடுக்கில் தேய்த்து, 160 ஜி.எஸ்.எம்., பயோ வாஷ் என்பார். விலையைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைப்பார். அன்று ஒரு பீஸில் அவருக்குச் சந்தேகம் தட்டியது. சைடு தையல் முன்பக்கம் முறுக்கிக்கொண்டு வந்திருந்தது. இப்படி முறுக்கவிடுவது ஊரில் ஒரே கம்பெனிதான். சொந்தப் பங்காளி கம்பெனி. வாஷ்கேர் லேபிளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். “இது உங்க லேபிளுங்களா?”

என் லேபிள்தான். பங்காளிக்கும் நான்தான் போடுகிறேன் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. என் பில் நிற்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான் என்பது என் கணிப்பு.

வடக்கே சுமார் 500 கிலோமீட்டரில் ஹம். அங்கே தொழிற்பேட்டை நடுவில் கோபுரத்தோடு காமாட்சி அம்பாள் கோயில். 2002-ல் குடமுழுக்கு ஆனது, ஈழத் தமிழர்கள் எழுப்பியது. பத்துப் பொட்டலமும் தீர்ந்த நிலையில் அண்ணனுக்கு அங்கே கிடைத்த சோறும் சாம்பாரும் பற்றித் தனியாக அரை மணி நேரம் பேசுவார். பரிமாறிய பெரியவர், “நீங்கள் எவடம்?” என்றாராம். “திருப்பூருங்.” “ஓ, பெனியன் தைக்கிற இடமோ? அங்க மலிவா எடுக்கலாம் என்ன?” இலையில் ரசம் ஓட, அண்ணன் ஹோல்சேல் ரேட் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஹாம்பர்க்கில் படகேறித் துறைமுகத்தைப் பார்த்தார். மலை மலையாகக் கன்டெய்னர். வீடியோ கால் போட்டுப் பேக்கிங் செக்‌ஷன் முழுக்கக் காட்டினார். “பாருங்க கண்ணு, நம்ம பொட்டி இங்கதான் எறங்குது.” ஸ்டென்சில் அடிக்கிற பையன் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மேல் அடுக்குல வெச்சா நசுங்காதுங்களாண்ணா?” என்று கேட்டானாம்.

பல மாதம் கழித்து வெரோனாவிலிருந்து அபராதத் தாள் வந்தது. அதற்கு முன்பே விலாசம் கொடுத்த கூலி என்று வாடகைக் கார்க்காரன் கார்டில் தனியாகப் பிடித்திருந்தான். வேறு ஆளாக இருந்தால் பதறியிருப்பார். அண்ணன், “இத்தாலிக்காரன் டெபிட் நோட்டு போட்டுட்டானுங்” என்று ஃபைலில் போட்டார். ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி என்று பார்த்ததும் அன்றைக்கே கட்டினார். சப்ளையர் பில்லில் எனக்கு இந்த வேகத்தைக் காட்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையில் ஒன்றை மட்டும் அண்ணன் எல்லாரிடமும் சொல்வதில்லை. கடையெல்லாம் பூட்டிக் கிடந்த அன்று அவர் போனது ஆல்ப்ஸ்டாட் நகரத்தின் டைல்ஃபிங்கன். திருப்பூர் நிட்டிங்காரர்கள் சாமி பெயர்போலச் சொல்லும் மேயர் மிஷின் 1905-ல் பிறந்த ஊர். ஒரு காலத்தில் ஊரே பின்னலாடை; தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி. ஒவ்வொன்றாக மூடி, இப்போது ஒரு பழைய கம்பெனிக் கட்டடத்தில் பின்னலாடை மியூசியம். அண்ணன் உள்ளே போனால், சர்க்குலர் நிட்டிங் மிஷின், ஓவர்லாக், மடித்து அட்டைப் பெட்டியில் வைத்த உள்பனியன். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை.

“நம்ம செட்டுக்குள்ள போன மாதிரியே இருந்துச்சுங். சத்தம் மட்டுந்தான் இல்ல.”

அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் டேபிளில் கிடந்த கட்பீஸை நீவிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பழைய நிட்டிங் மிஷின் என்ன ரேட்டுன்னு கேட்டனுங். விக்கறதுக்கில்லைன்னாங்க அந்தம்மா. நல்ல கண்டிசன்ல இருக்குதுங், ஊசி மட்டும் மாத்தோணும். விசிட்டிங் கார்டு கொடுத்துட்டு வந்திருக்கேன்.”