குண்டு விழுந்த தூரம் வரை

இடத்தைப் பெரிதாக்க மனிதன் கண்டுபிடித்த வழிகளில் ஆகச் சுலபமானது எங்கள் தேவனாம்பட்டினத்தில் நடந்தது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மராட்டியரிடம் இங்கிருந்த கோட்டையை வாங்கினார்கள். சுற்றி எவ்வளவு நிலம்? பீரங்கியால் சுடு, குண்டு விழுகிற தூரம்வரை உனக்கு. சுட்டார்கள். அகப்பட்டதெல்லாம் 'குண்டு கிராமங்கள்'. பட்டா மாற்றத்துக்கு யாரும் அலையவில்லை.

எனக்கு வாய்த்ததோ சில்வர் பீச் போகிற வழியில் ஒரு பழைய அபார்ட்மெண்ட். சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்த்து 'ஓப்பன் கிச்சன்' ஆக்க வேண்டும் என்றாள் மனைவி. வஞ்சிரம் வறுக்கிற வாசனை நேரே சோபாவில் வந்து உட்காருமே என்றேன். "இப்ப மட்டும் என்ன, கதவத் தட்டிட்டா வருது?"

மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "பில்லர் இல்லாத கட்டடம் சார். இந்த ஒம்போது இஞ்சு சுவருதான் மேல்தளத்தயே தாங்குது. கைய வெச்சா மேல் வீட்டம்மா கட்டிலோட உங்க ஹாலுக்கு வந்துருவாங்க." மேல் வீட்டம்மா அசோசியேஷன் செயலாளர். வந்தால் மினிட்ஸ் நோட்டோடுதான் வருவார்.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையையே பிடித்து இடித்துத் தள்ளினார். அவருக்கு இப்படி ஒரு மேஸ்திரி அமையவில்லை.

வாஸ்து தெரிந்த சகலை விடவில்லை. அக்கினி மூலையில் பாத்ரூம் ஆகாதாம். அங்கே அடுப்பு வரணுமாம். பாத்ரூமுக்கு மட்டும் தளத்தைப் பள்ளமாக இறக்கி அதற்குள் பைப் ஓட்டியிருக்கிறார்கள். இடம் மாற்றினால் பைப் கீழ்வீட்டுக் கூரையில் தொங்கும். அதுவும் கச்சிதமாக அவர்கள் பூஜை அலமாரிக்கு மேலே.

போகிற போக்கில் மேஸ்திரி சீலிங்கையும் ஒரு தட்டுத் தட்டினார். பூச்சு பெயர்ந்து விழுந்தது. உப்புக்காற்று பட்ட கம்பி இளைக்காது, ஊதும். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். காங்கிரீட்டைப் பிளந்து எடுத்துக்கொள்ளும். என் வீட்டில் கேட்ட இடம் கிடைத்தது அதற்கு மட்டும்தான். ஓப்பன் கிச்சன் பணம் மொத்தமும் சீலிங்குக்குப் போயிற்று.

சமையலறையில் இடம் வேண்டுமென்று மனைவி ஃபிரிட்ஜை ஹாலுக்குத் தள்ளினாள். சோபாவில் இருப்பவர் எழுந்தால்தான் அதன் கதவு திறக்கும். சகலை வந்தால் அவரை அங்கேதான் உட்கார வைக்கிறோம். தயிருக்கு ஒருமுறை, மாவுக்கு ஒருமுறை, ஐஸ் தண்ணிக்கு ஒருமுறை எழுந்து உட்காருகிறார். வாஸ்துவைப் பற்றிப் பேச நேரமில்லை.