பொடக்காளிக் கம்பெனி

படம் ரொம்ப அழகா இருக்குதுங்க மாப்ள. சுவத்துக்குச் சாம்பக் கலரு, கூரையில குழி வெட்டிப் பதிச்ச ஆறு லைட்டு, மொகம் பாத்து மீசை வழிக்கலாம்ங்கற அளவுக்கு வழுவழு டைல்ஸு, மூலையில காப்பி போடற மிஷினு. உங்கத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்துப்போட்டு, "கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை ரூமுங்களா?"ன்னா. இல்ல புள்ள, மாப்ள பொடக்காளியில மரவேலைப் பட்டறை கட்டறாருன்னேன். "அப்ப ரம்பம் எங்க நிக்கும்?"னு கேட்டா பாருங்க, அதுக்குத்தான் எனக்கு வெடை தெரியல. படத்தைத் தலைகீழா வெச்சும் பாத்துட்டனுங்க.

பெங்களூர் கம்பெனிக்காரன் ஊட்டுல இருந்தே வேலை பாருங்கன்னு விட்டதுல, பொழுதெறங்கறப்ப ஒரு கைத்தொழிலுன்னு நீங்க நெனைச்சது தப்பே இல்ல. நம்ம சீமைக்கு இது புதுசுமில்லீங்க. 1932-ல பைக்காராத் தண்ணியில கரண்டு எடுக்க ஆரம்பிச்சாங்க. அது மலையெறங்கி வந்த பொறவு கோயமுத்தூர்ல மில்லு பெருகுச்சு, மில்லுக்குச் சாமான் செய்யப் பட்டறை பெருகுச்சு. ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கமெல்லாம் முன்னால லேத்து, பின்னால சமையக்கட்டுன்னு குடித்தனம் நடந்துச்சு. அதுல ஒரு பட்டறையிலயும் காப்பி மிஷினை நான் பாத்ததில்ல. டீ, முக்குக் கடையிலிருந்து தூக்குப்போசியில வரும். சரி, அது அந்தக் காலம்.

லைட்டுக்கு வருவோம். அந்த ஆறு குழி லைட்டும் ரூமுக்கு நடுவுல ரெண்டு வரிசையா நிக்குது. பெஞ்சு சுவத்தை ஒட்டி இருக்குது. நீங்க பெஞ்சைப் பாத்து நின்னீங்கன்னா லைட்டு பூராவும் முதுகுக்குப் பின்னால. முதுகுக்கு நல்ல வெளிச்சம். உளி புடிச்ச கைக்கு உங்க மண்டையோட நெழலு. கோடு கிழிச்ச எடம் தெரியலைன்னு குனிவீங்க, குனிஞ்சா நெழலு இன்னும் பெருசாகும். பொறவு கண்ணு செரியில்லைன்னு கோயமுத்தூருக்கு வண்டியேறுவீங்க. கண்ணுல ஒரு கோளாறும் இருக்காதுங்க மாப்ள. பெஞ்சுக்கு நேர் மேல, உங்க நெத்திக்கு ஒரு ஜாண் முன்னால, நீட்டு வாக்குல லைட்டைப் போடோணும். நீளமான லைட்டுக்கு நெழலு வெளுத்து விழும், குழி லைட்டுக்குக் கருப்பா வெட்டி விழும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கணக்கு வேணுமுங்களா? கணக்குப் படிச்ச ஆளு நீங்க. ரூமு 20-க்கு 12, ஆக 240 சதுர அடி, மீட்டர்ல சொன்னா 22 சொச்சம். மரவேலைக்குச் சதுர மீட்டருக்கு 500 லூமென் விழுகோணும். அதைத்தான் 500 லக்ஸுங்கறாங்க. பெருக்குனா 11,000. அத்தனையும் பெஞ்சுக்கு வந்து சேராது. சுவரு கொஞ்சம் திங்கும், தூசி கொஞ்சம் திங்கும், மூணுல ஒரு பங்கு போச்சுன்னு வெச்சுக்குங்க. அப்ப 16,000-க்கு மேல வேணும். நாலடி நீளத்துல 20 வாட்ஸ் எல்இடி லைட்டு ஒண்ணு 2,000 லூமென் சொச்சம் குடுக்கும். எட்டு லைட்டு ஆச்சு. உங்க குழி லைட்டு ஆறையும் ஒட்டுக்காக் கூட்டுனா 4,000 கூடத் தேறல. அதுல காப்பி குடிக்கலாமுங்க, கப்பு வாய்க்கு வழி தெரிஞ்சு போயிரும்.

அட்டாலியில பழைய சோக்கு டியூப்லைட்டு நாலு கெடக்குது, அதைக் கடைசல் மிஷினுக்கு மேல மாட்டிக்கலாம்னு எங்கக்கா சொன்னாளாமா. அவ சிக்கனம் எனக்குத் தெரியாததா, பொறந்த ஊட்டுலயே அப்படித்தான். ஆனா சுத்தற சாமானுக்கு மேல அது வேண்டாமுங்க. நம்ம கரண்டு நொடிக்கு 50 சுத்து. சோக்கு டியூப்பு நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. கடைசல் நிமிஷத்துக்கு 1,500 சுத்துல ஓடுனா நொடிக்கு 25. ஆக ஒரு சுத்துக்கு நாலு வெட்டு வெளிச்சம். சக்குல தாடையும் நாலு. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தாடை அதே எடத்துல வந்து நிக்குதா, ஓடற சக்கு நின்னுபோச்சுன்னு கண்ணு சொல்லிப்போடும். வெசை கொஞ்சம் கொறைஞ்சா மெதுவாப் பின்னால போறாப்லயும் தெரியும். கண்ணை நம்பிக் கையை வெச்சா வெரலு மிஞ்சாது. பெரிய பட்டறைகள்ல டியூப்பை மூணு பேஸுக்கும் பிரிச்சு மாட்டுவாங்க, ஒண்ணு மங்கறப்ப இன்னொண்ணு எரியட்டும்னு. எல்இடியிலயும் மலிவுச் சரக்கு இப்படி நடுங்கும். கடையில எரியவிட்டு உங்க போன் கேமராவைக் கிட்டக் காட்டுங்க. பட்டை பட்டையா ஓடுச்சுன்னா, "ஊட்டுல கேட்டுட்டு வர்றனுங்ணா"ன்னு சொல்லிப்போட்டு எறங்கி வந்துருங்க.

வடக்கு ஜன்னலு விசயத்துல உங்களப் பாதி மெச்சிக்கறேன். வடக்கே ஜன்னலு வெச்சா வெயிலே அடிக்காது, நாளெல்லாம் ஒரே சீரா வெளிச்சம்னு எந்த வெள்ளைக்காரன் பொஸ்தகத்துலயோ படிச்சிருக்கீங்க. அவன் ஊருக்கு அது செரி. நம்ம பொள்ளாச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரி கூட இல்ல. சித்திரை பொறந்து ஒரு வாரத்துக்குள்ள உச்சிச் சூரியன் நம்ம தலையத் தாண்டி வடக்கே போயிருவான். ஆவணி பொறந்து ஒரு வாரம் போனாத்தான் திரும்புவான். அந்த நாலு மாசமும் உங்க ஜன்னலுக்கு வெயிலு உண்டு, அதுவும் காத்தாலயும் சாயங்காலமும் சாய்வா உள்ள பூந்து பெஞ்சு மேலயே படுத்துக்கும். ரெண்டடிக்கு சன்ஷேடு எறக்குங்க. எங்கப்பாரு காட்டுச்சாளைக்கு வடக்கயும் தாவாரம் எறக்குனாரே, அது அழகுக்குன்னா நெனைச்சீங்க?

கரண்டைப் பாத்தாத்தான் சிரிப்பு வருது. ஈபி கம்பம் வடமேக்கு மூலையில நிக்குது. வாஸ்துக்காரரு மெயின் போர்டை அக்கினி மூலையில, தென்கெழக்குல வெச்சாகோணும்னுட்டாரு. அக்கினிக்கு எந்த மூலையா இருந்தாலும் செரி, செம்புக் கம்பிக்குத் தூரம் ஆகாது. ரெண்டு எச்பி மோட்டாரு ஓடறப்ப 10 ஆம்பியர் இழுக்கும், கெளம்பறப்ப அதைப்போல அஞ்சாறு பங்கு இழுக்கும். ரூமைச் சுத்தி மெலிசு வயரா இழுத்துக் கொண்டுபோனா, வோல்டேஜு வழியிலயே எறங்கி, மோட்டாரு முக்கிக்கிட்டே நிக்கும், வைண்டிங் கருகும். வாஸ்துக்கு ஆயிரம் பரிகாரம் இருக்குதுங்க. கருகுன வைண்டிங்குக்கு இல்ல. போர்டைக் கம்பத்துப் பக்கமே வெச்சு, ஊட்டு மெயின்லிருந்து 6 ஸ்கொயர் வயரு இழுங்க. தென்கெழக்குல ஒரு அகல் வெளக்கு ஏத்தி வாஸ்துக்காரரைச் சமாதானம் பண்ணிக்கலாம். ஆனா தூளைக் கூட்டுன பொறவு ஏத்துங்க.

அப்பறம், "தோட்டத்து சர்வீசு சும்மாதான மாமா கெடக்குது, மூணு பேஸு வேற, அதுலிருந்து ஒரு வயரு"ன்னு போன்ல ஆரம்பிச்சீங்களே, அப்பத்தான் டவரு போயிருச்சு. டவருக்கு ஒண்ணுமில்லீங்க, நான்தான் அமுக்குனேன். 1990-லிருந்து வெவசாயத்துக்குச் சும்மா குடுக்கற கரண்டு தென்னைக்குத் தண்ணி எறைக்கறதுக்கு. அதுல நாக்காலிக்குக் காலு கடைஞ்சா 2003-ஆம் வருசத்து மின்சாரச் சட்டத்துல 126-ஆம் பிரிவு எட்டிப் பாக்கும், ரெட்டை ரேட்டுப் போட்டுத் தீட்டுவாங்க. ஊட்டு சர்வீசுக்கும் அதே சட்டம்தான். சொந்த ஊட்டுக்குக் கட்டலு செஞ்சா பொழுதுபோக்கு. ஒறம்பரைக்குச் செஞ்சு காசு வாங்குனா தொழிலு, அதுக்கு வேற சர்வீசு எழுதிக் குடுக்கோணும். நம்ம ஒறம்பரை காசு குடுக்க மாட்டாங்கங்கறதால அந்தக் கவலை உங்களுக்கு இல்லைன்னு வெச்சுக்கலாம்.

வயர்மேன் வர்றப்ப லைட்டுக்கு ஒரு எம்சிபி, மிஷினுக்கு வேறன்னு பிரிக்கச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணுல இருந்தா, பலகையில ரம்பம் சிக்கி டிரிப் ஆகறப்ப லைட்டும் சேந்து அணைஞ்சிரும். பிளேடு நிக்க இன்னும் நேரம் இருக்கும். இருட்டுக்குள்ள நீங்களும் அதுவும் மட்டும். 30 மில்லி ஆம்பியர்ல ஒரு ஆர்சிசிபி போடுங்க. பச்சை வயரு எர்த்துக் குழி வரைக்கும் நெசமாப் போகுதான்னு நடந்து போய்ப் பாருங்க. போர்டுக்குள்ளயே சுருண்டு தூங்கற பச்சை வயரு நம்மூர்ல நெறைய உண்டு. பிளக்கு பாயிண்டை முட்டிக்கால் ஒசரத்துல வரைஞ்சிருக்கீங்க, ஊட்டு ஹாலுன்னு நெனைப்பு. பிளைவுட்டு சீட்டு 8-க்கு 4. படுக்க வெச்சுச் சுவத்துல சாத்துனா நாலடி மறைஞ்சிரும், அப்பறம் பாயிண்டைத் தேடி சீட்டுக்குப் பின்னால கைய உட்டுத் தடவோணும். நாலே கால் அடிக்கு மேல வைங்க. சுவத்தை வெட்டிப் பைப்பைப் புதைக்கவும் வேண்டாம், மேலாப்ல ஓட்டுங்க. மிஷினை எடம் மாத்தாத பட்டறைக்காரன் எவனுமில்லீங்க.

டைல்ஸு மேல மரத்தூளு விழுந்தா வழுக்கும், உளி விழுந்தா ரெண்டுக்கும் சேதாரம். சொரசொரப்பா சிமெண்டுத் தரை போடுங்க. காங்கிரீட்டுக்கு அடியில கெட்டிப் பிளாஸ்டிக் தாளு விரிச்சா ஈரம் மேல ஏறி உளி துரு புடிக்காது. டைல்ஸுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னா எங்கக்கா சமையக்கட்டுச் சுவத்துக்கு ஒட்டிக் குடுத்துருங்க, அவ அதைக் கேக்கற காலத்துல நீங்க பள்ளிக்கொடம் போயிட்டு இருந்தீங்க. சுவத்துக்கு மினுக்கில்லாத வெள்ளை. சாம்பக் கலரு வாங்குன லைட்டைப் பூராத் தின்னுரும். கருவி மாட்டற பக்கம் 18 எம்எம் பிளைவுட்டை அடிங்க, தரைக்கு ஒரு ஜாண் மேல தூக்கி. இல்லாட்டிக் கரையான் வாடகை இல்லாமக் குடி வந்துரும். எண்ணெய்ப் பூச்சு அடிக்கறப்ப, ஆளிவிதை எண்ணெய் தொடைச்ச துணியைக் கசக்கி மூலையில வீசாதீங்க. அது தானாச் சூடேறிப் பத்திக்கும். வெளியில கொடியில விரிச்சுப் போடுங்க, அக்காகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. கொடியில துணியக் கண்டா அடுப்படிக்கு எடுத்துக்குவா.

படத்துல கூரைக்கு மேல ரெண்டு தென்னையை எஞ்சினியரு அழகுக்கு வரைஞ்சிருக்காரு. அந்த மரம் நெசமாவே அங்க நிக்குதுங்க மாப்ள, காய்க்கவும் செய்யுது. தகரச் சீட்டு மேல நெத்துக் காய் விழுகற சத்தத்துல, ரம்பத்துல பலகை தள்ளிக்கிட்டிருக்கற கை எங்க போகும்னு அவரு யோசிக்கல போல. பட்டறைய 20 அடி தள்ளிக் கட்டுங்க. மரத்தை வெட்டலாம்னு நெனைச்சீங்கன்னா எங்கக்கா மொதல்ல உங்கள வெட்டிப்போடுவா.

காத்தும் தூளும் மிச்சம். வைகாசியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்குக் காத்து எப்படி வருதுன்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா? நீங்க எக்ஸாஸ்ட் ஃபேனை மேக்குச் சுவத்துல வெச்சிருக்கீங்க. ஃபேனு தூளை வெளிய தள்ளும், காத்து அதைத் திரும்ப உங்க மொகத்துலயே அடிக்கும். மேக்கே வலை அடிச்ச ஜன்னலு, கெழக்கே ஃபேனு, அதுதான் மொறை. கெழக்குச் சுவத்துக்கு அந்தப்பக்கம் யாரு ஊட்டுத் திண்ணைன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? என்ற திண்ணைதான். உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சிக்காரங்க 1995-லயே மரத்தூளை மனுசனுக்குப் புத்துநோய் குடுக்கற சாமான்னு மொதல் பட்டியல்ல சேத்துட்டாங்க. கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா, போன தீவாளிக்கு நீங்க வாங்கிக் குடுத்த போனுதானுங்க. ஆகவே ஃபேனு போதாது. ஒவ்வொரு மிஷின் வாயிலிருந்தும் குழாயில உறிஞ்சிப் பையில கட்டற டஸ்ட் கலெக்டரு ஒண்ணு வாங்கோணும். காப்பி மிஷினை விட்டீங்கன்னா முக்காப் பணம் அதுலயே தேறும்.

பையில சேர்ற தூளை எங்க கொட்டறதுன்னு நீங்க வெசனப்பட வேண்டாம். என்ற கட்டுத்தரையில மாட்டுக்கு அடியில பரப்ப அதைவிட நல்ல சாமான் கெடையாது, ஈரத்தை இழுத்துக்கும். ஆனா பிளைவுட்டுத் தூளும் எம்டிஎஃப் தூளும் கலக்கப்படாதுங்க, அதுல பசை இருக்குது, எருமை நக்கும். வெறும் மரச்சீவலைத் தனிச் சாக்குல கட்டி வாரா வாரம் திண்ணையில வெச்சிருங்க. சாக்கு உங்களுது. கட்டற கயிறு நான் தர்றேன்.