வங்காலையில் காற்று வீசுவது என் குற்றமா?

பெயர் சொல்லிச் சந்திக்கு இழுக்க மனமில்லாத தளபாடக் கம்பனியின் உத்தரவாதப் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

ஐயா,

கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யப் பழகி, கொழும்புக்காரரின் கணக்குகளை இன்றும் வங்காலையிலிருந்தே எழுதிக்கொண்டிருப்பவன் நான். "வீட்டு அலுவலக மேசை, தேக்கு" என்ற உங்கள் விளம்பரத்தைக் கண்டு பத்துத் தவணையில் ஒன்றை வாங்கினேன். அது வீங்கிவிட்டது என்று முறையிட்டதற்கு, "நீர் பட்டதால் ஏற்படும் சேதம் உத்தரவாதத்துக்குள் அடங்காது" என்று ஒற்றை வரியில் பதில் போட்டிருந்தீர்கள். நன்றி. கடிதமாவது வீங்காமல் வந்து சேர்ந்தது.

புனித ஆனாள் சாட்சியாக, நான் தண்ணீர் ஊற்றவில்லை. ஜன்னலைத் திறந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மன்னார் வளைகுடாக் கரையில் கிடக்கிறது. வைகாசியில் சோளகம் எழும்பினால் புரட்டாதி வரை உதட்டை நக்கினாலே உப்புக் கரிக்கும். இந்தக் காற்றை நம்பித்தான் மின்சார சபை 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 'தம்பபவனி'யைத் திறந்தது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற். ஊருக்குப் பக்கத்தில் 4839 ஹெக்டெயரில் வங்காலைச் சரணாலயம் வேறு. 2010 இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. ஈரநிலம் என்று உலகமே ஒப்புக்கொண்ட இடம், ஐயா! பூநாரைக்குத் தெரிந்த செய்தி உங்கள் லொறிக்குத் தெரியாமல் போனதெப்படி?

எங்கள் ஓடாவியாரைக் கூட்டிவந்து காட்டினேன். வள்ளம் கட்டிய கை. ஓரத்தில் தொங்கிய நாடாவை இரண்டு விரலால் இழுத்தார். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே நகத்தால் சுரண்ட, பொலபொலவென்று கொட்டியது. உள்ளங்கையில் ஏந்தி மணந்து பார்த்தார். "தம்பி, ஒடியல் மாகூட இதைவிட இறுக்கிப் பிடிக்கும்" என்றார். பிறகு, "தேக்கு எங்க?" என்று கேட்டார். மேலே ஒட்டியிருந்த கடுதாசியைக் காட்டினேன். தேக்கின் படம், மெலமைனில் தோய்த்தது.

துகள்பலகையைப் பழிக்க வரவில்லை. யுத்த காலத்து ஜேர்மனியில் நல்ல மரம் கிடைக்காதபோது, சீவலையும் தூளையும் பசையில் பிசைந்து அழுத்தி ஆலையில் பலகை செய்யத் தொடங்கினார்கள். கெட்டித்தனம்தான். இங்கேயும் முதிரைக்கும் பாலைக்கும் விலை கேட்கவே எங்களுக்குப் பயம். லொறியில் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே எங்கள் வருமானத்துக்குத் தூள்தான் கதி. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பசை இருக்கிறதே! மலிவுப் பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபோர்மல்டிஹைட். ஈரமும் சூடும் சேர்ந்தால் மெல்ல மெல்லப் பிடி தளரும். தளரும்போது ஃபோர்மல்டிஹைட் வாயுவும் கசியும். பெட்டியைப் பிரித்த அன்று என் மகளுக்குக் கண் எரிந்தது. "புதுச் சாமான் வாசம்" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அந்த வாயுவை 2004 இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதலாம் தொகுதியில் சேர்த்துவிட்டது. ஐரோப்பாவில் எவ்வளவு கசியலாம் என்று அளந்து 'ஈ1' என்று தரம் பிரிக்கிறார்கள். உங்கள் பெட்டியை நாலு பக்கமும் திருப்பித் தேடினேன். ஒரு குடைப் படம் மட்டும் இருந்தது. குடை மேசைக்கு என்பது பிறகுதான் விளங்கியது.

மேற்பக்கம் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. அடிப்பக்கத்திலும் வயர் போகத் துளைத்த ஓட்டையிலும் ஒரு சொட்டுப் பூச்சு இல்லை. ஈரம் முன்வாசலால் வராது ஐயா, கோடிப்பக்கத்தால்தான் வரும். அந்த ஓட்டைகளுக்கு ஒரு கை வார்னிஷ் அடிக்க என்ன செலவு? ஓடாவியார் கணக்குப் போட்டுச் சொன்ன தொகையை இங்கே எழுதினால் உங்களுக்குத்தான் வெட்கம்.

என் கோரிக்கை பெரிதல்ல. விளம்பரத்தில் 'தேக்கு' என்பதை 'தேக்குப் படம்' என்று திருத்துங்கள். நிபந்தனையில் 'நீர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'காற்றும்' என்று சேர்த்துவிடுங்கள். நாங்கள் ஏமாறாமல் வாங்குவோம். நம்பிக்கை வராவிட்டால், உங்கள் பிரிவிலிருந்து ஒருவரை ஒரு சோளகத்துக்கு இங்கே இருத்திப் பாருங்கள். சாப்பாடு என் பொறுப்பு. மேசை உங்களுடையதாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. மேன்முறையீட்டுக்கு உத்தரவாத அட்டையின் அசலை அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அது நாலாய் மடித்தபடி மேசையின் இடது முன்காலுக்கு அடியில் இருக்கிறது. இழுத்தால் மேசை சாயும். மேலே இருக்கும் லப்டொப்புக்கு இன்னும் ஆறு தவணை பாக்கி. ஆகவே யாரையாவது அனுப்பி, குனிந்து வாசித்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தவணை தவறாத வாடிக்கையாளன்,
வங்காலை.