உறவுக் கணக்கப்பிள்ளை

மாசி மகத் தேர் அன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் பக்கம் போனால் அம்பாளின் பார்வைக்குத் தப்பலாம். உறவுக் கணக்கப்பிள்ளையின் பார்வைக்குத் தப்ப முடியாது. ஐந்து தேர்களும் அசையும் நெரிசலில் ஒரு கை உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கும்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

"ரத்தோட்டைப் பக்கம், தாத்தா."

"மேக்கணக்கு டிவிசனா, கீக்கணக்கு டிவிசனா?"

மூன்றாவது கேள்விக்குள் உங்கள் பூட்டன் எந்தக் கங்காணியோடு வந்தார் என்பது வெளியே வந்துவிடும். ஐந்தாவதில் தீர்ப்பு. "அப்ப நீ எனக்குப் பேரன் முறை. இந்தா, இந்தப் பையைப் பிடி." அன்று மாலை வரை பை உங்களிடம்தான்.

இப்படி ஒருவர் உக்குவளையிலும் உண்டு, எல்கடுவையிலும் உண்டு, கம்மடுவையிலும் உண்டு. எங்கள் தோட்டத்துத் தாத்தா ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. வேலையை விட்டாரே தவிர, பேர் பதியும் செக்ரோலை விடவில்லை. அன்று கொழுந்துக்குப் பேர் போட்டவர், இன்று உறவுக்குப் பேர் போடுகிறார். இரண்டு தலைமுறைக்குள் தொடுப்பு இருந்தால் முழுப்பேர். சுற்றி வளைத்து வந்தால் அரைப்பேர். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காதவனுக்கு அன்று பேரே இல்லை.

உறவு சிக்கலாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "என்னா சிக்கல்? ஒரு கங்காணி தன் சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு மன்னாரிலிருந்து காட்டு வழியா நடந்து வந்தான். வந்தவன் எல்லாம் மாமன் மச்சான். ஒரே லயத்தில காம்பரா. பொண்ணு கொடுத்து பொண்ணு எடுக்காம, துரை வீட்டுலயா போய்ப் பொண்ணு கேப்பான்?"

நியாயம்தான். தமிழே இதற்கு ஒத்தாசை செய்கிறது. அம்மாவின் அண்ணன் மாமா, அத்தையின் புருஷன் மாமா, பெண்டாட்டியின் அப்பாவும் மாமா. மூன்றும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் கூப்பிடுகிறவனுக்கு மிச்சம். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களுக்கும் மாமன் மகள், அத்தை மகள் கட்டுகிற முறைதான். மச்சானை அவர்கள் 'மஸ்ஸினா' என்பார்கள்.

லூயிஸ் மோர்கன் என்ற அமெரிக்கர் 1871இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் தமிழ் உறவுப் பெயர்களை அட்டவணை போட்டிருக்கிறார், அமெரிக்கச் செவ்விந்தியரான செனெக்கா மக்களும் ஏறக்குறைய இப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று வியந்திருக்கிறார், அவரே தாய்வழி 'கசின்' ஒருத்தியைத்தான் கட்டியிருக்கிறார் என்று ஒருநாள் தாத்தாவிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "கசின்னா? மாமன் மகளா, சின்னம்மா மகளா? அதைச் சொல்லாம என்னா புத்தகம்?"

அவரையே திணறவைத்தது ஒரே ஒரு விவகாரம்: அக்கா மகளைக் கட்டுவது. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி இலங்கையில் அது செல்லாது. இந்தியாவில் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமோ, வழக்கம் இருந்தால் சரி என்கிறது. ஆகவே மாத்தளையில் செல்லாக் காசு, கப்பல் ஓடிய காலத்தில் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியதும் செல்லும் காசாயிற்று. அப்படிப் போய்க் கட்டிய ஒருவரின் மகள் கூடலூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைத்தபோது தாத்தா விரல் மடக்கினார். அந்தப் பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவளே அப்பாவின் அக்கா. அம்மாயியும் அவளே, அத்தையும் அவளே. அம்மாவின் தம்பி தாய்மாமன். அத்தை பெற்றவன் என்பதால் மச்சானும் அவனே. "சடங்குக்குச் சீர் கேக்கிறப்ப மச்சான்னு சொல்லித் தப்பிப்பான். விடாதே, மாமான்னே கூப்பிடு" என்று கடல் கடந்து ஆலோசனை போயிற்று.

அழைப்பை வைத்த பிறகு அவர் சற்று நேரம் பேசவில்லை. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், 1,50,000 பேருக்கு முடிவு பிறகு என்று எழுதினார்கள். "தலையை எண்ணினாங்க. அக்கா எது, தம்பி எதுன்னு பாக்கலை" என்றார்.

அதற்கு முன்பு 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தவன் என்று காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. பூட்டன் பெயர், பூட்டியின் பெயர், அவளுக்குப் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சி யாருக்குச் சம்பந்தி என்பது வரை லயத்தில் எல்லாருக்கும் வாயில் இருந்தது. காகிதத்தில்தான் இல்லை. அன்றிலிருந்துதான் தாத்தாவின் அப்பா இந்தக் கணக்கை மகனுக்கு மனப்பாடமாக ஏற்றினாராம். யார் எப்போது கேட்பார்களோ!

இப்போது கேட்கிறவர்கள் காதலர்கள். போன மாதம் ஒரு பையனும் பெண்ணும் வந்து நின்றார்கள். பேஸ்புக் பழக்கம். தாத்தா நாலு கேள்வி கேட்டார். முகம் கறுத்தது.

"உங்க ரெண்டு பேர் அம்மாயியும் கூடப்பொறந்த அக்கா தங்கச்சி. அப்ப நீங்க அண்ணன் தங்கச்சி முறை."

பெண்ணின் கண் நிறைந்தது. பையன் செருப்பையே பார்த்தான். தாத்தா வெற்றிலையை மென்றார், துப்பினார், மறுபடி விரல் மடக்கினார்.

"இரு, இரு. கம்மடுவையில ஒரு கிழவி இருந்தா. அவ மூத்த மகனோட மகன்தான் இந்தப் பொண்ணோட அப்பன். இளைய மகனோட மக இந்தப் பையனோட அம்மா. அப்ப அவங்க அண்ணன் தங்கச்சி, நீங்க மாமன் மக, அத்தை மகன். கட்டுற முறைதான், போங்க!"

இரண்டும் காலில் விழுந்து எழுந்து சிட்டாகப் பறந்தன. அடுப்படியிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அந்தக் கிழவிக்கு ஒரே மகன்தானே?"

"செக்ரோல் எழுதுறது நானா, நீயா?" என்றார் தாத்தா.