நாற்பத்து மூன்றாம் பக்கம்: சூலியா தெருப் பழைய நூல்களை முன்வைத்து உற்பத்தித்திறன் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

மனிதர் ஏன் வேலை செய்யாமல் இருக்கிறார்கள் என்பதற்கு விடை சொல்லும் நூல்கள் கடை கடையாகக் குவிந்து கிடக்கின்றன. அந்நூல்களை வாங்கிய மனிதர் அதன் பிறகும் ஏன் வேலை செய்யாமல் இருக்கிறார் என்பதற்கு ஒரு நூலும் இல்லை. இக்குறையை நிறைக்க எழுந்ததே இவ்வாய்வு. ஆய்வாளர் இத்துறையில் நீண்ட பட்டறிவு உடையவர். நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்னும் பொருளில் அலமாரி நிறைய நூல் வாங்கியவர். வேறு பொருளில் எதையும் வாசிக்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. இக்கட்டுரை மார்ச் மாதமே முடிந்திருக்க வேண்டியது. தாமதத்துக்கான காரணம் ஆறாம் இயலில் விளங்கும்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. இக்காலத்தார் 'உற்பத்தித்திறன்' என்பதை முன்னோர் 'ஆள்வினை' என்றனர். முன்னதில் ஒன்பது எழுத்து, பின்னதில் நான்கு. சொல்லிலேயே ஐந்து எழுத்து மிச்சம் பிடித்தவர்கள் வேலையில் எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பார்கள் என்பது எண்ணத்தக்கது. ஆயினும் நீளமான சொல்லுக்கே ஆய்வு நிதி கிடைக்கும் என்பதால் இக்கட்டுரை புதிய சொல்லையே கையாளும். நிதி இன்னும் வரவில்லை.

2. களமும் பெயரும்

ஆய்வுக்களம் பினாங்கு, ஜார்ஜ் டவுன், சூலியா தெரு. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய காலந்தொட்டு, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர் புழங்கிய இடம் இது. அவர்களுக்கு வழங்கிய பெயரே 'சூலியா'. அது 'சோழ' என்பதன் திரிபு என்பார் பலர். ஹொக்கியன் பேசும் சீனரோ இதே தெருவை மாட்டுக் கொட்டிலைக் குறிக்கும் பெயரால் வழங்கி வந்தனர். ஒரு நூலின் முதல் மூன்று இயல்களையே ஆண்டுக்கணக்கில் அசைபோடும் ஆய்வாளருக்கு இப்பெயர் கூடுதல் பொருத்தம் உடையது.

தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. கூப்பிடு தொலைவில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. நாணயமாற்றுக் கடைகளும், மலிவு விலைத் தங்கும் விடுதிகளும், அந்தி சாய்ந்தால் முளைக்கும் மீக்காரர் தள்ளுவண்டிகளும் இருக்கின்றன. இவ்வாய்வுக்கு வேண்டியவை இவற்றுள் விடுதிகள் மட்டுமே. என்னை? எனின், முதுகுப்பையோடு வரும் வெள்ளைக்காரப் பயணி ஊர் திரும்பும் நாளில் பையின் எடை கூடிப்போயிருக்கும். சட்டையை விட மாட்டார். பாத்திக்கையும் விட மாட்டார். 'உன் வாழ்வை மாற்று' என்று தடித்த எழுத்தில் அட்டை போட்ட நூலை விட்டுவிடுவார். வாழ்வை மாற்றாமலே இரண்டு மாதம் இன்பமாகக் கழிந்தது என்பதை அவர் அதற்குள் கண்டிருப்பார். அந்நூல் நடந்துபோகும் தொலைவில் உள்ள பழைய புத்தகக் கடைக்கு வந்து சேரும். அங்கிருந்து ஆய்வாளரின் வீட்டுக்கு.

3. முன்னோர் மொழிந்தவை

இத்துறையின் மூத்த ஆசிரியர் வள்ளுவர். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என 60, 61, 62ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். முப்பது குறள், குறளுக்கு ஏழு சீர் வீதம் 210 சீர். அவ்வளவில் பாடத்திட்டத்தை முடித்துக்கொண்டார். 1989இல் ஸ்டீபன் கோவி என்னும் அமெரிக்கர் ஏழு பழக்கங்களைச் சொல்லும் தடித்த நூல் ஒன்றை வெளியிட்டார். அங்கே ஏழு சீர், இங்கே ஏழு பழக்கம். இதைத் தற்செயல் என்போர் ஆராய்ச்சி மனம் இல்லாதோர்.

அஃதேல், குறள் வாசித்தோர் சுறுசுறுப்பாகிவிட்டனரோ எனின், அற்றன்று. அவர்கள் பட்டிமன்றத்துக்குப் போய்விட்டனர்.

இங்கிலாந்தில் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் எழுதிய தன்னுதவி நூல் உலகெங்கும் பரவியது. தமிழில் இவ்வழியைத் திறந்தவர் தொண்டியில் பிறந்த அப்துற்-றஹீம். அவருடைய 'வாழ்க்கையில் வெற்றி' இருந்த வீடுகளில் நூலுக்குக் காக்கித் தாளில் அட்டை போட்டிருப்பார்கள். வெற்றி அழுக்காகிவிடக் கூடாதல்லவா?

ஆனால் நம் களத்துக்கு மிக நெருங்கிய ஆசிரியர் சி. நார்த்கோட் பார்க்கின்சன். சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த காலத்தில், 1955இல், 'தி எக்கானமிஸ்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நேரத்துக்கும் அது வீங்கிக்கொள்ளும் என்பது அதன் சாரம். வேறு வேலையில்லாத மூதாட்டி ஒருவர் உடன்பிறந்தார் மகளுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்ப ஒரு முழுநாளைச் செலவிடுவது அவர் காட்டிய சான்று. இவ்விதி பிரிட்டனின் அலுவலகங்களைக் கண்டு எழுதியது என்பர். மலாயாவின் பகல் ஒரு மணி வெயிலில் சாப்பிட்டு எழுந்த பின் தோன்றியது என்பது இவ்வாய்வாளரின் துணிபு. அவ்வெயிலில் அஞ்சலட்டைக்கு ஒரு நாள் என்பது விரைவுதான்.

4. காலவியல்

உற்பத்தித்திறனைப் பேசுமுன் ஓர் ஊரில் காலம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். பினாங்கில் அது ஒழுங்காக நடந்துகொண்டதில்லை.

முதற்சான்று, கோட்டைக்கு அருகே நிற்கும் மணிக்கூண்டு. விக்டோரியா அரசி அரியணை ஏறி அறுபதாண்டு ஆனதைக் கொண்டாட, சியா சென் இயோக் என்னும் சீனச் செல்வர் 1897இல் கொடையாக எழுப்பத் தொடங்கியது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். வேலை 1902இல் முடிந்தது. அரசி 1901இலேயே இறந்துவிட்டார். பின்னர் இரண்டாம் உலகப்போரில் அருகே விழுந்த குண்டினால் அது சற்றே சாய்ந்தும் போனது. நேரத்தை அறிவிக்க எழுந்த கட்டடமே கெடுவைத் தவறவிட்ட ஊரில், மின்கட்டணத்தை ஒரு வாரம் தாமதமாகக் கட்டும் தனிமனிதரைக் குறைகூறல் தகுமோ?

இரண்டாம் சான்று இன்னும் வலுவானது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டன. அடுத்த நொடி 1982. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபடச் செய்த ஏற்பாடு அது. சிங்கப்பூரும் உடன் தள்ளிக்கொண்டது. அந்த ஆண்டின் தீர்மானங்களையெல்லாம் கடைசி அரை மணியில் முடித்துவிடலாம் என்று வைத்திருந்தவர்கள் கதி என்ன ஆயிற்று என்பதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் மௌனம் சாதிக்கின்றனர்.

இங்கு ஒரு கணக்கு. 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஒரு முறை கண்டார். இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. ஆக ஒரு தக்காளிக்கு முப்பது நிமிடம். அன்றிரவு காணாமற்போன அரை மணி என்பது ஆளுக்குத் துல்லியமாக ஒரு தக்காளி. முறை கண்டறியப்படுவதற்கு முன்பே தக்காளியை இழந்த மக்கள் நாம். நம் தேக்கத்துக்கான மூலகாரணத்தை இதற்கு அப்பால் தேட வேண்டியதில்லை. ஆயினும் கட்டுரையின் நீளம் கருதித் தேடுவோம்.

5. தரவுகள்

மேற்படிக் கடையில் ஆய்வாளர் வெவ்வேறு காலங்களில் வாங்கிய நூல்களுள் ஏழு தேர்ந்தெடுக்கப்பட்டன. ஏன் ஏழு எனின், மூன்றாம் இயல் காண்க. ஆராய்ந்தது நூல்களின் கருத்தையன்று. அதை ஆராய அவற்றை முழுதும் வாசிக்க வேண்டியிருக்கும். முன்பு வைத்திருந்தவர் விட்டுச்சென்ற அடையாளங்களே ஆய்வுப்பொருள்: அடிக்கோடு, மஞ்சள் மை, மடித்த நுனி, இடுக்கில் கிடந்த நாணயமாற்றுச் சீட்டு, லங்காவிப் படகுச் சீட்டு, ஒரு கொசு.

ஏழிலும் ஒரே ஒழுங்கு புலப்பட்டது. முன்னுரையில் எல்லா வரிக்கும் அடிக்கோடு. முதல் இயலில் பத்திக்கு ஒன்று. இரண்டாம் இயலில் பக்கத்துக்கு ஒன்று. மூன்றாம் இயலில் ஓரத்தில் ஓர் ஆச்சரியக்குறி. அதன் பின் தாள்கள் நோன்பு மாதப் பகலில் நாசி கண்டார் கடை இருப்பதுபோல் இருந்தன: எல்லாம் துடைத்துச் சுத்தமாக, ஆள் நடமாட்டமின்றி.

இதற்கு இரு விளக்கங்கள் உண்டு. வாசகர்கள் சோம்பேறிகள் என்பது ஒன்று. இது மேம்போக்கானது. நூல்களின் அறிவுரையை அவர்கள் முழுமையாகப் பின்பற்றினர் என்பது மற்றொன்று. டேவிட் ஆலன் 2001இல் வெளியிட்ட நூலில், இரண்டு நிமிடத்துக்குள் முடியும் வேலையை உடனே முடி, மற்றதைத் தள்ளி வை அல்லது வேறொருவரிடம் கொடு என்கிறார். நூலை வாங்க இரண்டு நிமிடம் போதும், உடனே வாங்கியாயிற்று. வாசிக்கப் பல மணி நேரம், தள்ளி வைத்தாயிற்று. பின்பு வேறொருவரிடம் கொடுத்தும் ஆயிற்று. அந்த வேறொருவர் ஆய்வாளர்.

அதே 2001இல் பிரையன் டிரேசி காலையில் எழுந்ததும் தவளையைத் தின்னச் சொன்னார். அன்றைய வேலைகளுள் மிகக் கடினமானதை முதலில் முடி என்பது குறிப்புப்பொருள். இதைக் கடைக்காரர் நானாவிடம் விளக்கியபோது அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தவளை நமக்கு ஆகாது தம்பி" என்று சொல்லி நூலைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார். மார்க்கச் சட்டத்தின்படி அவர் கூற்று சரியே. அறிவுரை ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்துக்கு உரியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

6. வாசகர் 'அ'

ஏழாம் நூல் தனித்து ஆராயத்தக்கது. அதன் பெயரைச் சொல்வது ஆய்வறம் அன்று. முந்நூறு பக்கம். அடையாளங்கள் 43ஆம் பக்கத்தில் நின்றுபோகின்றன. முன்பு வைத்திருந்தவரை வாசகர் 'அ' என்க.

வாசகர் 'அ' தமிழர். ஓரத்தில் குறிப்புகளுக்கு 1, 2 என்று எண்ணிடாமல் அ, ஆ, இ என்று இட்டிருக்கிறார். 'ஈ'யைத் தாண்டவில்லை. 17ஆம் பக்கத்தில் தே தாரிக் கோப்பையின் அடிவட்டம். வட்டம் முழுமையாக இருப்பதால் கோப்பை நெடுநேரம் அங்கேயே இருந்திருக்கிறது. எனவே அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு நேர அட்டவணை. 'காலை 5.00 எழுதல்' என்பது அடிக்கப்பட்டு 5.30 ஆகி, அதுவும் அடிக்கப்பட்டு 6.30 ஆகிறது. கீழே 'திங்கள் முதல்' என்றொரு வரி. அதன்மேல் கோடிட்டு 'முதல் தேதி முதல்'. 'எழுதல்' என்பது துயிலெழுதலா, கட்டுரை எழுதுதலா என்பது உரையாசிரியர்கள் கருத்து வேறுபடத்தக்க இடம். இரண்டும் நிகழவில்லை என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை.

இவற்றைக்கொண்டு வாசகர் 'அ'வின் உளப்பாங்கை நான்கு பக்கங்களில் வரைந்தேன். உறுதியற்றவர். தொடக்கத்தில் மட்டும் வீரர். வீட்டில் இவர் சொல் எடுபடாது. இத்தகையோரால்தான் சமுதாயம் பின்தங்குகிறது என்றும் ஒரு வரி சேர்த்தேன். அப்பகுதியைக் கடையிலேயே நின்று நானாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசையடியிலிருந்து ஒரு நீளமான சிட்டையை எடுத்து, எச்சில் தொட்டுத் தாள் தள்ளினார்.

"போன பெருநாளுக்கு முந்தின வாரம் மூணு வெள்ளிக்கு இதை வாங்கியிருக்கேன். போன மாசம் பன்னெண்டு வெள்ளிக்கு வித்திருக்கேன்."

"யாரிடமிருந்து வாங்கினீர்கள் நானா?"

"ரெண்டு பக்கமும் நீங்கதான் தம்பி."

சிறிது நேரம் ஆய்வு தடைப்பட்டது. தாமதத்துக்கான காரணம் இதுவே. கையெழுத்தை ஒப்புநோக்கியதில் சிட்டையின் கூற்று உறுதிப்பட்டது. நான்கு பக்க உளப்பாங்குப் பகுதி, போதிய ஆதாரம் இன்மையால், கட்டுரையிலிருந்து நீக்கப்பட்டுள்ளது.

7. முடிபுகள்

ஒன்று. இந்நூல்கள் பயனற்றவை என்பது பிழை. அதே ஒரு படி, ஒரு சுற்றில், ஒன்பது வெள்ளி ஆதாயம் ஈட்டியுள்ளது. ஆதலால் இவ்வாய்வு கீழ்க்காணும் விதியை முன்மொழிகிறது: உற்பத்தித்திறன் ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை, அது வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கு இடம்பெயர்கிறது. நானா அந்நூலில் ஒரு வரியும் வாசித்ததில்லை. "நான் படிச்சா வியாபாரம் யாரு பார்க்கிறது?" என்பது அவர் விளக்கம்.

இரண்டு. அடிக்கோடு என்பது கற்றதன் அடையாளம் அன்று. 'இதை நான் பிறகு கற்பேன்' என்று நூலுக்கு எழுதிக் கொடுக்கும் கடன்பத்திரம். இரண்டாம் முறை அதே நூலைக் கையில் எடுத்தபோது, யாரோ அடிக்கோடிட்ட வரிகள் எவ்வளவு கூர்மையாகத் தேர்ந்தவை என்று வியந்தேன். நான் வியந்த அந்த ஆளுக்கு நான் ஏற்கெனவே கடன்பட்டிருந்தேன்.

மூன்று. ஜேம்ஸ் கிளியர் 2018இல் வெளியிட்ட நூலில் நாளுக்கு ஒரு விழுக்காடு முன்னேறினால் போதும் என்கிறார். அவ்வழியைப் பின்பற்றி இம்முறை 44ஆம் பக்கத்தை வாசித்தேன். சுற்றுக்கு ஒரு பக்கம், ஒன்பது வெள்ளி என்னும் விகிதத்தில் மீதமுள்ள 256 பக்கங்களுக்கு 2,304 வெள்ளி ஆகும். ஆய்வு நிதி கோரும் விண்ணப்பத்தில் இத்தொகை சேர்க்கப்பட்டுள்ளது.

கட்டுரை முடிந்த அன்று மாலை நூலைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். நானா மூன்று வெள்ளியை எண்ணி வைத்தார். சிட்டையில் தேதி போட்டார். பெயரைக் கேட்கவில்லை. "அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கவா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன், நூலை ஒரு கணம் திருப்பி வாங்கி, 44ஆம் பக்கத்தின் நுனியை மடித்துக் கொடுத்தேன்.